பண்டத்துக்குப் பேர் சொன்னவள்

கருங்கடவு ஊரை ஆறு இரண்டாகப் பிளந்து போட்டிருந்தாலும் வடகரை அடுப்பில் என்ன வேகிறதோ அதுதான் தென்கரை அடுப்பிலும் வேகும். சிறுபயற்றை வேகவைத்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போட்டு, பொன்னிறமாக வந்ததும் அரித்து எடுத்தால், வடகரைக்காரர்கள் அதைச் சீயம் என்பார்கள், தென்கரைக்காரர்கள் சுகியன் என்பார்கள். நான் அதைப் பண்டம் என்று மட்டும்தான் சொல்லப்போகிறேன். எனக்கு இரண்டு கரையிலும் பந்தி உண்டு, வாயைக் கொடுத்து இலையை இழக்க நான் தயாராக இல்லை.

வடகரையாரின் முப்பாட்டன்மார் கிழக்கே செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், தென்கரையாரின் முப்பாட்டன்மார் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள், இரு கூட்டமும் சட்டி பானையோடு பேரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது, சட்டி பானை எல்லாம் உடைந்துபோயும் பேர் மட்டும் உடையாமல் கிடந்தது. அதற்குப் பிறகு பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு அன்று சாயங்காலமே ஒரே கடையில் டீ குடித்தார்கள். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் பேசாமல் வைத்திருந்தார்கள். பேசாமல் இருந்தவரைக்கும் அது சண்டையாக இல்லை.

ஆற்றின் நடுவில் ஒரு பாறை, பாறைமேல் பாறையம்மன், அம்மன் தலைக்கு மேலே பாலம், பாலத்தின் நடுவிலிருந்து வடக்குப் படி வழியாகவோ தெற்குப் படி வழியாகவோ இறங்கினால் கோயில் வாசல். ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு கரையும் சேர்ந்து படையல் போடும். அந்த அம்மனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. படைத்ததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டாள், ஒவ்வொரு தட்டாகத் தூக்கிக் காட்டி இது இன்னது என்று பேர் சொல்லவேண்டும், பேர் சொல்லாததை அவள் தொடமாட்டாள். பேர் சொல்லுகிறவள் ஒரு கரையில் பிறந்து மறுகரையில் வாக்கப்பட்டவளாக இருக்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். இரண்டு கரைத் தண்ணீரும் குடித்த வாய் ஓரவஞ்சனை செய்யாது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள்.

அப்படி வருசா வருசம் பேர் சொல்லி வந்தவள்தான் தெங்கரையா. தென்கரையில் பிறந்து வடகரையில் வேலாண்டிக்கு வாக்கப்பட்டதால் வடகரையில் அவள் தெங்கரையா. தாலி கட்டி ஆற்றைத் தாண்டிய மறுநாளிலிருந்து தென்கரையில் அவள் வடகரையா, பிறந்த வீட்டில் கூடப் பிறந்த அண்ணன் கொம்பையாவுக்கும் அப்படித்தான். வாக்கப்பட்டுப் போனவளை ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து மரியாதை, அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அவளுடைய ஒரே மகள் ஆவுடையை அதே கொம்பையாவின் மகனுக்குக் கொடுத்து மறுபடியும் தென்கரைக்கே அனுப்பியிருந்தார்கள், ஆவுடைக்கு இப்போது நிறைமாதம், கொடை முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதாக இருந்தது.

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். பண்டத்தின் தட்டை தெங்கரையா தூக்குகிற நேரத்தில் மேளக்காரர்கள் அடித்து வெளுத்துவிடுவார்கள், பெண்கள் அத்தனை பேரும் குலவை போடுவார்கள், அந்தச் சத்தத்துக்குள் அவள் சீயம் என்றும் சொல்லுவாள், சுகியன் என்றும் சொல்லுவாள், ஒரு வருசம் இது முந்தி, மறுவருசம் அது முந்தி. அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். வடகரையார் அவள் சீயம் என்றுதான் சொன்னாள் என்று திருப்தியாகப் படியேறுவார்கள், தென்கரையாரும் அதே திருப்தியோடு ஏறுவார்கள், அம்மனுக்கும் இரண்டும் காதில் விழுந்துவிடும். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் செய்தவர் மனுசர்களை நன்றாகத் தெரிந்தவர்.

இந்த வருசம் மைக் வந்தது. இரண்டு கரை இளவட்டங்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து எடுத்த ஒரே நல்ல காரியம் என்று அதை எல்லாரும் மெச்சினார்கள். அம்மனுக்குக் கேட்பது கரையில் நிற்கிற கிழடு கட்டைக்கும் கேட்க வேண்டாமா என்று சொல்லி, பேர் சொல்லி முடிகிறவரை மேளம் அடிக்கக் கூடாது, குலவை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தெங்கரையாவின் வாய்க்கு முன்னால் மைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அம்மா, இது பொங்கல். அம்மா, இது புட்டு. அம்மா, இது வடை" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அந்தப் பித்தளைத் தட்டைத் தூக்கினாள். வடக்குப் படியில் புருசன் வேலாண்டி உட்கார்ந்திருந்தான், தெற்குப் படியில் அண்ணன் கொம்பையா உட்கார்ந்திருந்தான், இரண்டு பேரும் முதல் தடவையாக அவள் வாயை உற்றுப் பார்த்தார்கள். சீயம், சுகியன் இரண்டையும் சொல்லலாம், ஆனால் எது முதலில்? "அம்மா, இது" என்றாள். அவள் மூச்சு வாங்கியது இரண்டு கரைக்கும் கேட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கி, "இது பானகம்" என்றாள்.

அப்போதுதான் தட்டிலிருந்த பண்டங்கள் எழும்பின. அவசரம் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, விளக்குச் சுடரின் உயரம் வந்து கொஞ்சம் தயங்கி, வாசல் நிலையில் முட்டாமல் குனிந்து வெளியே போய், பாலத்துக்கு மேலே ஏறி நின்றன. அதே நேரத்தில் வடகரையிலும் தென்கரையிலும் சட்டியிலும் தட்டிலும் தூக்குவாளியிலும் பிள்ளைகள் கையிலும் இருந்த அத்தனை பண்டமும் கிளம்பி, கூரை ஓட்டைத் தட்டாமல் ஜன்னல் வழியே வெளியேறி ஆற்றுக்கு நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. கடித்துத் தின்றது போக மிச்சம் இருந்த பாதிகளும் வந்தன. "சோடா மாவு கூடிப்போச்சு" என்றாள் ஒருத்தி. "கருப்பட்டி கலப்படமா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை, பந்தி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் சுட்டதும் மேலேதான் போயிற்று. மாங்காய் பறிக்கிற தொரட்டியும் வலையும் கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள், எட்டும் உயரத்தில் நின்றது கம்பு நீண்டதும் இன்னும் கொஞ்சம் விலகி நின்றது. காக்கைகள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதை என்னவென்று நினைத்துக் கொத்துவது எனத் தெரியாததுபோல் திரும்பிப் போயின. அப்போது வடகரையிலிருந்து ஒருவன், வயிற்றெரிச்சலில், "ஏ சீயம்!" என்று கத்தினான். ஒரு பண்டம் வடக்கே ஒரு சாண் நகர்ந்தது. தென்கரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் "சுகியன்!" என்றான். அந்தப் பண்டம் ஒரு சாண் தெற்கே திரும்பியது.

அதோடு ஊரின் உறக்கம் போயிற்று. இரண்டு கரையிலும் பனைமர உயரத்துக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள், இங்கே முறை வைத்துச் சீயம் சீயம் என்று கூப்பிட்டார்கள், அங்கே முறை வைத்துச் சுகியன் சுகியன் என்று கூப்பிட்டார்கள், தொண்டை கட்டியவர்களுக்குச் சுக்குக் கசாயம் கொடுக்க ஒரு அடுப்பு தனியாக எரிந்தது. பண்டங்கள் வடக்கே கொஞ்சம் ஆடும், தெற்கே கொஞ்சம் ஆடும், எந்தக் கரைக்கும் வராது. அடுப்பை அணைத்தால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்பதால் இரண்டு கரைப் பெண்களும் சுட்டுக்கொண்டே இருந்தார்கள், சுட்டதெல்லாம் மேலே போய்ச் சேர்ந்தது, உச்சி வெயிலிலும் பாலத்தில் நிழல் விழுந்தது. மேலே நின்றவை ஆறவே இல்லை. எண்ணெய் சொட்டிச் சொட்டிப் பாலம் வழுக்கியதால் பஸ்ஸை நிறுத்தினார்கள், ஆடி வெள்ளம் நுரைத்து ஓடியதால் பரிசலையும் நிறுத்தினார்கள், ஆற்று மணலைப் பாலத்தில் கொட்டி நடக்கிறவர்கள் மட்டும் நடந்தார்கள்.

பிறகு அதுவும் கஷ்டமாயிற்று. பாலத்தின் நடுவில் இரண்டு கயிறு கட்டி, ஒரு கயிற்றுக்கு வடகரைப் பையன்களும் மறு கயிற்றுக்குத் தென்கரைப் பையன்களும் காவல் நின்றார்கள். வருகிறவரை நிறுத்தி, விரலை மேலே காட்டி, "அது என்ன?" என்று கேட்டார்கள். முதலில் ஜனங்கள் சாமர்த்தியமாக வடக்குக் கயிற்றில் ஒரு பேரும் தெற்குக் கயிற்றில் ஒரு பேரும் சொல்லிக் கடந்தார்கள். அதைக் கண்டுபிடித்ததும் இரண்டு கயிற்றையும் ஒரு முழத்துக்குள் இழுத்துக் கட்டினார்கள், இங்கே சொல்லுவது அங்கே கேட்கும், எதைச் சொன்னாலும் ஒரு கயிறு அவிழும், மற்றது அவிழாது. பால்காரரும் தபால்காரரும் நடுவில் நின்று சாமான்களைக் கைமாற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

அக்கரையில் பிறந்து இக்கரையில் வாழ்ந்த பெண்களுக்குத்தான் மூச்சு முட்டியது. மாமியார் கேட்பதற்கு முன்னால் நாக்கு பிசகிவிடுமோ என்று அவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டினார்கள். சட்டியைக் கிளறுகிறபோது உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். தெங்கரையாவும் அப்படித்தான் கிளறினாள், ஆனால் அவள் மனசு முழுக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஆவுடை தினமும் போனில் பேசினாள், நாளுக்கு நாள் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது.

"எம்மா, இங்க யாரும் என்ன ஒண்ணும் திட்டல. ஆனா எண்ணெச் சட்டிய எம் பக்கத்துல வச்சிட்டு எல்லாரும் என் வாயவே பாக்காவ."

"நீ ஒண்ணும் சொல்லாத மக்களே. தண்ணி குடி, படு."

"படுக்கத்தான் பயமா இருக்கு. நான் சின்னப் பிள்ளையில இருந்து அங்க உள்ள பேரச் சொல்லித்தான வளந்தேன், தூக்கத்துல உளறிருவேனோன்னு வாயில துணிய வச்சிட்டுப் படுக்கேன்." கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். "நர்ஸம்மா வந்து பாத்துட்டுப் போனாவ. பிள்ள தல திரும்பலியாம். பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும், இங்க வச்சிப் பாக்க முடியாதுன்னு சொல்லுதாவ."

பெரியாஸ்பத்திரி வடகரையில் இருந்தது. தென்கரையிலிருந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மலையைச் சுற்றவேண்டும், அந்தச் சாலையையும் மழை அறுத்திருந்தது. தெங்கரையா போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுத குரலும் வெளியே கேட்டுவிடாமல் அழுதாள்.

இடையில் உணவைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் குடையோடு வந்தார், மேலேயிருந்து சொட்டுகிற எண்ணெயைப் புட்டியில் பிடித்துக்கொண்டார், எண்ணெயில் குற்றம் இல்லை என்றார், உயரத்தைப் பற்றித் தன்னுடைய துறை ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கொடையில் தட்டைத் தூக்கியது யார் என்று கேட்டார். கயிற்றுப் பக்கம் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"உங்க பேர் என்னம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், "தெங்கரையா சார்" என்றான் வேலாண்டி.

"வடகரையான்னு எழுதுங்க சார், அவ எங்க வீட்டுப் பிள்ள" என்று தெற்குக் கயிற்றிலிருந்து கத்தினான் கொம்பையா.

அதிகாரி அவளைப் பார்த்தார். அவளுக்குச் சொல்லவேண்டும் போல்தான் இருந்தது, ஆனால் அது உடனே நாக்குக்கு வரவில்லை, பரணில் எங்கேயோ போட்டுவைத்த பாத்திரத்தைத் தேடுகிறமாதிரி தேடவேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு பக்கமும் சத்தம் ஏறிவிட்டது, அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் பேரை இதுவரை நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

கொடைக்கு எட்டாம் நாள் எட்டாம் கொடை. அன்றைக்கு மறுபடியும் சின்னதாகப் படையல் போடுவார்கள், மறுபடியும் பேர் சொல்லுவார்கள், அதற்கு இரண்டு கரையும் பாறைக்கு இறங்கியே ஆகவேண்டும். அவள் வாயிலிருந்து எந்தப் பேர் விழுகிறதோ அந்தப் பேருக்குப் பண்டம் இறங்கும் என்று இரண்டு கரையும் முடிவு கட்டிவிட்டது. இதில் மட்டும் ஒற்றுமை.

முந்தின நாள் வேலாண்டி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல மனுசன்தான், அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் இப்போது அவனுக்குப் பின்னால் வாசலில் வடகரை முழுக்க நின்றுகொண்டிருந்தது.

"ஏளா, நாளைக்குச் சீயம்னு சொல்லிரு. ஒத்த வார்த்த. பொறவு ஒன் மகள நானே தோளுல தூக்கிட்டு வாரேன்."

"சொன்னா எங்கண்ணன் அவள அனுப்புவானா?"

"அனுப்பலன்னா பாவம் அவனுக்கு."

"பாவம் அவனுக்கு. பிள்ள யாருக்கு?"

வேலாண்டி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ மாத்திச் சொன்னேன்னா இந்த வாசல்ல உன்ன ஏற விடமாட்டாவ. நான் சொல்லியும் கேக்கமாட்டாவ. பாத்துக்கோ."

அன்று சாயங்காலம் கொம்பையா போனில் கூப்பிட்டான். "ஏட்டி, நீ எந்த மண்ணுல பல்லு முளைச்சவ? எந்தப் பேரச் சொல்லி வாங்கித் தின்ன? சுகியன்னு சொல்லு, அடுத்த நிமிசம் ஒன் மக பாலத்துல நடப்பா."

"சொன்னா அவுக எனக்குக் கதவத் தொறப்பாகளா அண்ணே?"

"தொறக்காட்டா போறான். இங்க நம்ம வீட்டுக் கதவு இருக்குல்லா."

"அந்த வீட்டுல என்ன எப்படிண்ணே கூப்பிடுவிய?"

"இது என்ன கேள்வி? வடகரையான்னுதான் கூப்பிடுவோம்." அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

மறுநாள் உச்சிப் பூசைக்கு ஒலிபெருக்கிகள் நின்றன. அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு வந்த அந்த அமைதி காதை அடைத்தது. மேலே பண்டங்கள் ஆட்டம் இல்லாமல் நின்றன, கீழே வெள்ளம் பாறையை உரசிக்கொண்டு ஓடியது, எண்ணெய் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வடக்குப் படி நிறைய வடகரையார், தெற்குப் படி நிறைய தென்கரையார், சிலர் கையில் கம்பும் இருந்தது, பூசைக்கு ஏன் கம்பு என்று யாரும் கேட்கவில்லை.

ஆவுடையைக் கொம்பையா வீட்டார் கூட்டி வந்திருந்தார்கள். கூட்டி வந்தார்கள் என்று சொல்லக் கூடாது, தூக்கி வந்தார்கள், காலையிலேயே வலி கண்டுவிட்டது. தெற்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, பாலத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வடக்கே கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நடுவில் இரண்டு கயிறும் அவற்றைப் பிடித்துக்கொண்டு பையன்களும். பேர் சொல்லட்டும், விடுகிறோம் என்றார்கள். இரண்டு பக்கமும் அதைத்தான் சொன்னார்கள்.

தெங்கரையா தட்டைத் தூக்கினாள். தட்டில் ஒன்றும் இல்லை, வைத்தது நிற்காது என்பதால் வெறும் தட்டுதான். மைக்கை நீட்டினார்கள். மேலே மகள் ஒருதடவை "எம்மா" என்றாள், கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் அது பாறைவரைக்கும் இறங்கி வந்தது.

சீயம் என்றால் ஒரு வீடு இல்லை, சுகியன் என்றால் ஒரு வீடு இல்லை, ஒன்றும் சொல்லாவிட்டால் மகள் இல்லை. இரண்டும் இல்லாமல் புதுசாக ஒரு பேர் வைக்கலாம் என்றால், அவளுக்குத் தெரிந்த பேரெல்லாம் ஏதோ ஒரு கரையின் வாயில் பட்ட பேர், அதைச் சொன்ன மாத்திரத்தில் இது எங்கள் பக்கத்துப் பேர் என்று ஒருத்தன் எழுந்திருப்பான். இரண்டு கரையிலும் ஒருத்தரும் வாயில் எடுக்காத பேராக இருக்கவேண்டும். தேடினாள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம்வரைக்கும் போய்த் தேடினாள். அங்கே ஒன்று இருந்தது, ஒருத்தர் கையும் படாமல், வைத்தது வைத்தபடி.

"அம்மா," என்றாள், "இது சுடலைவடிவு."

மைக் அதை இரண்டு கரைக்கும் கொண்டுபோயிற்று. வடக்குப் படியில் வேலாண்டி பக்கத்தில் இருந்தவனிடம் குனிந்து, "சுடலைவடிவா? அது யாருடே?" என்று கேட்டான், அதுவும் மைக்கில் விழுந்துவிட்டது.

தெற்குப் படியில் கொம்பையா எழுந்து நின்றான். அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "எங்கப்பா வச்ச பேரு" என்றான். "எங்கப்பா வாயால வச்ச பேருவே அது. எந்தங்கச்சி பேரு." சொல்லச் சொல்ல அந்தப் பெரிய மனுசன் பிள்ளைமாதிரி அழுதான், ஏன் அழுகிறான் என்று தென்கரைக்கு விளங்கவில்லை, வேலாண்டிக்கு விளங்கிவிட்டது. அவன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

வேண்டுமென்றே தாமதம் செய்வதுபோல் மேலே முதல் பண்டம் அசைந்தது. வடக்கே இல்லை, தெற்கே இல்லை, நேரே கீழே. அது இறங்கி வந்து அவள் நீட்டிய தட்டில் உட்கார்ந்தது, உட்கார்ந்த சத்தம்கூட மைக்கில் கேட்டது. பிறகு மற்றவை இறங்கின, மெதுவாக, மழை விடுகிற நேரத்துத் தூறல்மாதிரி, ஆள் பார்க்காமல், கரை பார்க்காமல், யார் கை காலியாக இருந்ததோ அந்தக் கையில். கயிற்றைப் பிடித்திருந்த பையன்களின் கையில்தான் அதிகம் விழுந்தது. ஆறாத பண்டம், இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி "ஆ, ஊ" என்று குதித்தார்கள், இரண்டு கயிறும் தரையில் கிடந்தன, அதன்மேல் மிதித்துக்கொண்டு ஆவுடையை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். முன்னால் கொம்பையா பிடித்துக்கொண்டான், பின்னால் வேலாண்டி. கம்பு வைத்திருந்தவர்கள் கம்பைப் போட்டுவிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் அன்று சாயங்காலமே ஒருவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்க வந்து, வாயை மூடி, யோசித்து, "ரெண்டு வடிவு குடுங்க" என்றார். தட்டில் வைத்தது தட்டில் நின்றது. முழுப்பேரையும் சொல்லுவதற்கு ஊருக்குப் பொறுமை இல்லை, அதற்குப் பிறகு இரண்டு கரையிலும் வடிவுதான், நானும் இனிமேல் அப்படியே சொல்லுகிறேன்.

இருட்டுகிறதற்குள் ஆவுடைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் வராந்தாவில் நின்ற இரண்டு வீட்டாரும் ஒருவர் வாயில் ஒருவர் வடிவு ஊட்டினார்கள். ஊட்டிக்கொண்டே கொம்பையா, "எங்க வம்சத்துல தலப்பிள்ளைக்குப் பகவதின்னுதான் வைக்கது" என்றான். வேலாண்டி மென்றதை விழுங்கிவிட்டு, "பொறந்தது வடகரையில. மீனாட்சின்னு வைக்கணும், அதுதான் மொற" என்றான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். பிறகு சிரிப்பில்லாமல் பேசினார்கள். ஆட்கள் இந்தப் பக்கம் நாலு பேரும் அந்தப் பக்கம் நாலு பேருமாகப் பிரிந்து நின்றார்கள்.

அறைக்குள் மகளின் கட்டில் பக்கத்தில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. பகவதி, மீனாட்சி, பகவதி, மீனாட்சி என்று குரல் ஏறிக்கொண்டே வந்தது. பிள்ளை ஆவுடை பக்கத்தில் துணியில் கிடந்தது. அவள் அதற்கு நன்றாகத் துணியைப் போர்த்தி வைக்கலாம் என்று குனிந்தாள், குனிந்தவள் அப்படியே நின்றாள். துணியில் சுருக்கம் இல்லை. பிள்ளையின் முதுகுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

அவள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி வருவதற்குள் இடைவெளி ஒரு கையளவு ஆகியிருந்தது. பிள்ளை அழவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள், பிடிக்கக் கனமே இல்லை, பிடித்த கையையும் சேர்த்து அது மேலே தூக்கியது.

"ஏட்டி ஆவுடை, முழி. பிள்ளைக்கு ஒரு பேரு சொல்லு."

ஆவுடை சோர்ந்து கிடந்தாள். "அவுகல்லாம் பேசி முடிக்கட்டும்மா."

"அவுக பேசி முடிக்கமாட்டாவ. நீ பெத்தவ, நீ சொல்லு. அவுக சொல்லுதது எதையும் சொல்லாத. ஒனக்கு எது பிடிக்குமோ அதச் சொல்லு, சீக்கிரம்."

ஆவுடை தலையைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா குதிகால் தரையில் படாமல் நின்றுகொண்டிருந்தாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எங்கூடப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள படிச்சா" என்றாள். "நல்லா ஓடுவா. அரசி. அரசின்னு வைப்பம்மா."

"அவ காதுல சொல்லு."

பிள்ளையை ஆவுடையின் வாய்ப் பக்கம் இழுத்துக் கொண்டுவந்தாள். ஆவுடை சொன்னாள். பிள்ளை ஒருதரம் உடம்பை முறுக்கி, வாயைத் திறந்து வீறிட்டு அழுதது. அவள் கை சட்டென்று தாழ்ந்தது. ஒரு பிள்ளை என்ன கனம் இருக்குமோ அந்தக் கனம் முழுவதும் இருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு வெளியே கதவைத் தட்டினார்கள். "தெங்கரையா, கதவத் தொற" என்றார்கள். "வடகரையா, என்னளா செய்யுத உள்ள" என்றார்கள். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுத்தாள். மறுபடியும் தட்டினார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் வெளியே சத்தம் அடங்கியது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"வடிவு" என்றான் வேலாண்டி. அந்தப் பேர் அவன் வாய்க்குப் புதுசு, தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "வடிவு, கதவத் தொறம்மா."

அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.